சத்தம் வருது, படத்தைக் காணேல்லை

கோண்டாவிலில் ஒரு சாமத்திய வீட்டு வீடியோ. எடிட்டிங் முடித்து பென் ட்ரைவில் போட்டுக் கொடுத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, மாமி கோல் எடுத்தா. "தம்பி, ரிவியில சத்தம் மட்டும்தான் கேக்குது. படத்தைக் காணேல்லை."

பிழை என்னுடையதுதான். இடம் மிச்சம் பிடிக்க, எச்.265 என்ற புதிய சுருக்கும் முறையில் எக்ஸ்போட் செய்திருந்தேன். அவர்களின் பழைய ரிவிக்கு அது விளங்காது. கோப்பின் பெயரில் இருக்கிற எம்பி4 என்பது வெறும் பெட்டி. உள்ளே எந்தக் கோடெக் (சுருக்கும் முறை) என்பதில்தான் விஷயம்.

சரியென்று, அதற்கு முந்தின முறையான எச்.264-இல் திரும்ப எடுத்தேன். செக்கனுக்கு 20 மெகாபிட் (எம்பிபிஎஸ்), ஒரு மணித்தியாலம், 9 ஜிபி. இப்ப பென் ட்ரைவ் அடம்பிடித்தது. ஃபாட்32 போர்மட்டாம், ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. அந்த எல்லை இல்லாத எக்ஸ்ஃபாட் போர்மட்டுக்கு மாற்றலாம்தான், ஆனால் அந்த ரிவி அதை வாசிக்குமென்று நம்ப முடியுமா? 8 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கினேன், ஏறக்குறைய 3.6 ஜிபி. பிள்ளை திரும்பும்போது சேலைச் சரிகை கொஞ்சம் கலங்குது. மாமிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

பிறகு கனடாச் சித்தி. வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன்பாட்டுக்கு நசுக்கிவிடும். அதனால் ஆலாத்தி எடுக்கிற 3 நிமிடத் துண்டை மட்டும் டொக்கியுமென்டாக அனுப்பினேன்.

மாஸ்டர் பிரதியை, அதிகம் சுருக்காத புரோரெஸில் வைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்குது. அழிப்போமா என்று யோசித்துக்கொண்டிருக்க, நேற்றுப் பின்னேரம் திரும்பவும் மாமி.

"தம்பி, டிவிடியாவும் ஒண்டு தாவன். அப்பப்பாவின்ர பிளேயரில போட்டுப் பாக்கலாம்."