ஆறியது போலத் தெரிந்த படர்தாமரை

எங்கள் வீட்டுக்கு வந்த பூனைக்குட்டியின் இடது காது மடலில் பட்டாணி அளவுக்கு முடி உதிர்ந்திருந்ததை முதல் நாளே பார்த்தேன். ஏதோ கீறல் என்று நினைத்து விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து மகளின் முன்னங்கையில் ஒரு வட்டம் தோன்றியது. அதன் ஓரம் சிவந்து, சற்றே மேடாகி, மெல்லிய செதில்களோடு இருந்தது. நடுப்பகுதி ஆறியது போல வெளிறியிருந்தது. முன்பு எதற்கோ வாங்கி மிச்சமிருந்த ஒரு களிம்பைத் தடவினேன். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது, சிவப்பும் மங்கியது. பத்தாம் நாளில் அந்த வட்டம் உருக்குலைந்து முழங்கை வரை பரவியிருந்தது.

அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. படர்தாமரையில் நாம் காணும் சிவப்பும் அரிப்பும் பூஞ்சையை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்தின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பைத்தான் அடக்குகிறது. தோல், முடி, நகம் ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சையோ தடையின்றி வளர்கிறது. நோயின் வழக்கமான வட்ட வடிவமும் கலைந்துவிடுவதால், பழகிய மருத்துவருக்கே அதை அடையாளம் காண்பது கடினமாகிறது. தோல் மருத்துவர் மகளின் கையில் செதிலைச் சுரண்டியது நடுவிலிருந்து அல்ல, ஓரத்திலிருந்து. பூஞ்சை சுறுசுறுப்பாக வளரும் இடம் அதுதான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் செதில் கரைந்தபின், கிளைவிட்ட மெல்லிய இழைகள் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிந்தன.

சிறிய இடத்துக்கு டெர்பினாஃபைன் அல்லது க்ளோட்ரிமசோல் களிம்பே பெரும்பாலும் போதும். ஆனால் வட்டத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும். தோல் தெளிந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை விடாமல் தொடர வேண்டும். தலைமுடியில் தொற்று இருந்தால் களிம்பு முடியின் வேர்வரை எட்டாது, மாத்திரைதான் வழி. நகத்துக்கும் பெரும்பாலும் அப்படியே. டெர்பினாஃபைனுக்கு எளிதில் அடங்காத ட்ரைக்கோஃபைட்டான் இந்தோடினியே என்ற பூஞ்சை வகைக்கு 2020-இல் பெயரிட்டார்கள். அது இன்று பல நாடுகளில் காணப்படுகிறது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைக் கண்டபடி பயன்படுத்துவதும் இப்படிப்பட்ட தொற்றுகள் பெருகக் காரணம் என்று தோல் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். நானும் அதைத்தானே செய்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

மகளுக்கு வந்தது எங்கிருந்து என்பது கால்நடை மருத்துவரிடம் போன பிறகே உறுதியானது. இருட்டறையில் புற ஊதா ஒளி வீசும் உட்ஸ் விளக்கைக் காட்டியதும், காதோரத்து முடிகளின் அடிப்பகுதி ஆப்பிள் பச்சை நிறத்தில் ஒளிர்ந்தது. பூனைகளிடமிருந்து மனிதருக்குத் தாவும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் பூஞ்சையில் பொதுவாகக் காணப்படும் நிறம் அது. ஒளிராவிட்டால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது; வெளியே எந்த அறிகுறியும் இல்லாமலே சில பூனைகள் பூஞ்சையைச் சுமந்து திரியும். கன்றுகளிடமிருந்தும் கினிப் பன்றிகளிடமிருந்தும் வேறு வகைகள் தொற்றுவதுண்டு.

குட்டிக்கு இட்ராகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தை ஒரு வாரம் கொடுத்து, மறு வாரம் நிறுத்தி, மீண்டும் கொடுக்கச் சொன்னார்கள். வாரம் இரண்டு முறை சுண்ணாம்பு கந்தகக் கரைசலால் உடல் முழுவதையும் நனைக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வீசினாலும் முடியின்மேல் இருக்கும் பூஞ்சை வித்துகளை அது கொல்கிறது. மனிதருக்கான களிம்பைப் பூனைக்குத் தாமாகத் தடவக் கூடாது. தன்னை நக்கிக்கொள்ளும் பிராணிக்கு அது வயிற்றுக்குள் போகும் மருந்தாகிவிடும்.

வீட்டைச் சுத்தம் செய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. உதிர்ந்த முடியில் ஒட்டிய வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கக்கூடும். முதலில் முடியையும் தூசியையும் முழுவதும் அகற்றி, சோப்பு நீரால் கழுவிய பிறகே கிருமிநாசினி பயன்படும். அழுக்கின்மேல் ஊற்றினால் வீண். குட்டியை எளிதில் கழுவக்கூடிய ஓர் அறையில் வைத்தோம். ஆனால் தனியே விடவில்லை. வளரும் வயதில் மனிதரோடு பழகாத குட்டி பிறகு மனிதரைக் கண்டு அஞ்சும். குணமாகக்கூடிய இந்த நோய்க்காகப் பூனையைத் தெருவில் விட்டவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

நான்காம் வாரத்தில் குட்டியின் காதில் புதுமுடி முளைத்தது. மகளின் கை அதற்கு முன்பே தெளிந்திருந்தது. ஆயினும் மருத்துவர் புதிய பல் தூரிகையால் குட்டியின் உடல் முழுவதும் வாரி, அதன் இழைகளை, பூஞ்சையை வளர்த்துப் பார்க்க உதவும் மஞ்சள் நிற வளர்ப்பூடகம் இருந்த தட்டில் அழுத்தினார். சில நாளில் வெண்பூஞ்சை முளைத்து, சுற்றிலும் ஊடகம் சிவந்தது; பூஞ்சை இன்னும் போகவில்லை என்று பொருள். மருந்து தொடர்ந்தது. அடுத்தடுத்து இரண்டு தட்டுகள் மஞ்சளாகவே இருந்த பிறகுதான், பத்தாம் வாரத்தில், அறைக்கதவைத் திறந்துவிட்டோம்.