பாட்டு அப்புறம் பாடலாம்

சிறுபான்மை மொழிகளைப் பற்றிய பொது உரைகளை ஏற்பாடு செய்வது என் வேலைகளில் ஒன்று. பேச்சாளரைப் பிடிப்பதிலிருந்து மைக் சரிபார்ப்பது வரை எல்லாம் என் தலையில்தான். பாதி உரைகள் ஒரே தடத்தில் போகும். உலகில் இத்தனை மொழிகள், இத்தனை அழிகின்றன. அப்புறம் 2010இல் அந்தமானில் போவா சீனியர் இறந்ததோடு போ மொழி பேச ஆளில்லாமல் போன கதை. அரங்கம் உச்சுக்கொட்டும், கைதட்டும், தேநீருக்குக் கிளம்பிவிடும். துக்கம் விசாரித்துவிட்டு வீடு திரும்புகிற மாதிரிதான்.

கேள்விகள் கிளம்புவது வேறு வகை உரைகளில். நியூசிலாந்து மாவோரி மக்கள் 1982இல் தொடங்கிய 'கோஹங்கா ரேயோ' மழலையர் மையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டிகளுக்கு மொழி தெரியும். இளம் பெற்றோர் பலருக்குத் தெரியாது. சரி, குழந்தைகளை நேராக மூத்தவர்களிடமே விடுவோம் என்று முடிவெடுத்தார்கள். நிர்வாகமும் குடும்பங்களின் கையில். மொழியைக் காப்பாற்றப் போன இடத்தில் ஊர்க்காரர்கள் கூட்டம் நடத்தவும் கணக்குப் பார்க்கவும் அரசோடு மல்லுக்கட்டவும் பழகினார்கள். சமூக மேம்பாடு என்று நாங்கள் சுவரொட்டியில் போடுவது இதைத்தான். மாவோரி ஆட்சிமொழியானது அதற்கப்புறம், 1987இல். ஹவாயிலும் இதே வரிசைதான்: 1984இல் பெற்றோரும் ஆசிரியர்களும் ஹவாய் மொழி மழலையர் பள்ளியைத் திறந்துவிட்டார்கள், அம்மொழியைப் பள்ளிகளிலிருந்து வெளியே தள்ளிய 1896ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிடி 1986இல்தான் தளர்ந்தது. இதைச் சொன்னதும் பின்வரிசையில்கூடக் கை உயரும். "இடம் யார் கொடுத்தது? சம்பளம் யார் கொடுத்தது?" எனக்குப் பிடித்த கேள்விகள் இவை. 'எழுத்தில்லாத மொழியும் மொழியா' என்று எழுந்து நிற்பவரும் எல்லாக் கூட்டத்திலும் உண்டு, அவரை விடுங்கள்.

எனக்கு எரிச்சலூட்டும் சடங்கு ஒன்று இருக்கிறது. மொழியைப் பேசுகிறவரை மேடையில் ஓரமாக உட்காரவைத்து, ஆய்வாளர் முக்கால் மணிநேரம் பேசி முடித்ததும், "அம்மா, உங்க பாஷையில ஒரு பாட்டு" என்பார்கள். அப்படிக் கேட்கப்பட்ட ஒரு மூதாட்டி மைக்கை வாங்கி, "பாட்டு அப்புறம் பாடலாம். ஆஸ்பத்திரியில டாக்டர் சொல்றது எங்களுக்குப் புரியல. எங்க பாஷை தெரிஞ்ச ஒரு ஆளப் போடச் சொல்லுங்க" என்றார். தலைமை தாங்கியவர் கடிகாரத்தைப் பார்த்தார். நன்றியுரைக்கு எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். அன்று கேட்ட உரைகளிலேயே உருப்படியானது அதுதான்.

இப்போது அந்த மொழிக்காரரை முதலில் பேசவைக்கிறோம், அவர் மொழியிலேயே. ஆய்வாளர் அதற்கப்புறம். மொழிபெயர்ப்பவர் மேடையிலேயே இருப்பார். பேச்சு இழுக்கும், நேரம் கூடும், சில பேராசிரியர்களுக்கு முகம் சுருங்கும். பரவாயில்லை. கணக்குப் பிரிவோடுதான் இன்னும் சண்டை: பேராசிரியருக்கு 'மதிப்பூதியம்' என்று தனித் தலைப்பு இருக்கிறது, மொழிபெயர்ப்பவரின் கூலியை மட்டும் 'இதர செலவு' என்று எழுதச் சொல்கிறார்கள்.