கச்சான் மேற்கேயிருந்துதான் வரும்

குரோம்பேட்டையில் 11 வருடங்களாக இருக்கிறேன். இலக்கியக் கூட்டம் என்றால் தி.நகர், கே.கே.நகர், மயிலாப்பூர், எழும்பூர் என்றுதான் போயிருக்கிறேன். ஒரு புத்தகக் கூட்டத்துக்காக சென்ட்ரலைத் தாண்டி வடக்கே போனது இந்த மே மாதம்தான் முதல் தடவை. நண்பர் அனுப்பிய அழைப்பு சின்னதாக இருந்தது. தண்டையார்பேட்டையில் ஒரு புத்தகக் கடை, சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி, இன்னும் அச்சுக்குப் போகாத நாவலிலிருந்து எழுத்தாளர் சில பக்கங்கள் வாசிக்கிறார். அதற்குக் கீழே, ‘தடைக்காலம் என்பதால் கடலுக்குப் போகிறவர்களும் வருவார்கள்’ என்று ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் கிளம்பினேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விடும் காலம் அது. காசிமேட்டில் படகுகளைக் கட்டிப்போட்டு, பெயின்ட் அடித்து, இன்ஜின் பிரித்து, வலையைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். மாலை நேரத்தில் கை ஓயும். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் இந்தக் கடை கூட்டம் வைக்கிறது.

கிண்டி வரை மின்சார ரயில், அங்கிருந்து மெட்ரோ. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை தடம் நீண்ட பிறகு, இந்தப் பக்கம் வருவது எவ்வளவோ எளிதாகிவிட்டது. ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. ஆனாலும் சென்ட்ரலில் பாதிப் பெட்டி காலியாவதையும், புதிதாக ஏறுகிறவர்கள் கையில் சௌகார்பேட்டைத் துணிப்பைகள் இருப்பதையும் பார்த்தால், நகரத்துக்குள் இன்னொரு நகரத்துக்குப் போகிறோம் என்று தெரிந்துவிடுகிறது.

தண்டையார்பேட்டை என்ற பெயரே ஒரு கவிஞரிடமிருந்து வந்தது என்பார்கள். குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிய சூஃபி. மக்கள் அவரைத் தொண்டியார் என்று அழைக்க, தொண்டியார்பேட்டை மருவித் தண்டையார்பேட்டை ஆனதாம். அவருக்குப் பிறகு, ஏழுகிணறு வீராசாமித் தெருவில் குடியிருந்த வள்ளலார் திருவொற்றியூர் தியாகராசரைப் பார்க்க இந்தப் பக்கமாக நடந்தே போய் வந்திருக்கிறார். திருவொற்றியூர்க் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. இவ்வளவு பேர் பாடிக்கொண்டே நடந்த பாதையில் இப்போது கண்டெய்னர் லாரிகள் போகின்றன. நெடுஞ்சாலையைக் கடக்கவே எனக்கு ஐந்து நிமிடம் ஆனது.

கடை இரண்டு சந்து தள்ளி உள்ளே இருக்கிறது. முன்பு விறகுத்தொட்டியாக இருந்த இடம். கேஸ் அடுப்பு வந்து விறகு வியாபாரம் படுத்த பிறகு பல வருடம் பூட்டியே கிடந்ததாம். இதை நடத்தும் அக்காவின் தாத்தா வைத்திருந்த தொட்டி அது. உயரமான கூரை, இரண்டு பக்கமும் புத்தக அடுக்கு, நடுவில் பாய் விரித்திருந்தார்கள். சாமியானா கடையிலிருந்து வாடகைக்கு எடுத்த இருபது நாற்காலிகள் பெரியவர்களுக்கு. எழுத்தாளருக்கு மேசையாக வைத்திருந்தது ஒரு கேரம் போர்டு. ஐந்து மணி வரை அதில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், பவுடர் துடைத்த தடம் அப்படியே இருந்தது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா பக்கத்து வண்ணாரப்பேட்டைப் பெண். அதனால் இங்கே கேரம் ஆட வருகிற பிள்ளைகளுக்கு அது வெறும் பொழுதுபோக்காகத் தெரிவதில்லை.

பொன்னாடை கிடையாது, வாழ்த்துரை கிடையாது. அக்கா எழுந்து, “இவங்க எழுதினதை வாசிப்பாங்க. நடுவுல நிறுத்திக் கேக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

எழுத்தாளர் தென்மாவட்டத்துக்காரர். நாவல் வெளிவராததால் அவர் பெயரை எழுதவில்லை. கதை காசிமேட்டில் ஒரு மீனவக் குடும்பத்தில் நடக்கிறது. இதற்காக ஒன்றரை வருடம் வந்து போயிருக்கிறார். நிறுத்தி நிதானமாக, நல்ல குரலில் வாசித்தார். இரண்டாவது பக்கத்தில், கடலிலிருந்து கச்சான் வீசி வீட்டுக் கதவு அடித்துக்கொள்கிறது என்று ஒரு வாக்கியம் வந்தது. பின்வரிசையில் இருந்த பெரியவர் கையைத் தூக்கினார்.

“தம்பி, கச்சான் கடல்லேர்ந்து வராது. மேற்கேர்ந்து வரும். தரையிலேர்ந்து கடலுக்குப் போற காத்து.”

எழுத்தாளர் அப்படியே நின்றார். “கிழக்கேயிருந்து வர்றது என்ன காத்துங்க ஐயா?” என்று கேட்டார். அவ்வளவுதான், அடுத்த பத்து நிமிடம் வாசிப்பு நின்றுவிட்டது. கொண்டல், வாடை, கரைக்காற்று என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எந்தக் காற்றில் படகு எப்படிப் போகும் என்பதில் இரண்டு பேருக்குள் வாக்குவாதமே வந்துவிட்டது. எழுத்தாளர் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ கூட்டங்களில் கடைசி ஐந்து நிமிடம் ‘கேள்வி நேரம்’ என்று ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாவல் என் கண் முன்னால் திருந்துவதை அன்றுதான் பார்த்தேன்.

மறுபடி ஆரம்பித்தார். தடைக்காலத்தில் அந்த வீட்டில் வஞ்சிரக் குழம்பு கொதிக்கிறது. இந்தத் தடவை மீன் விற்கிற ஒரு அம்மா, கை எல்லாம் தூக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: “இந்த சீசன்ல வஞ்சிரத்த யாருப்பா வூட்ல ஆக்குவா? கெடச்சா வித்துட்டு வருவோம். கொழம்புக்கு கவளை மீனோ காரப்பொடி மீனோதான்.” எழுத்தாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “அம்மா, இதுதான் எனக்கு வேணும். இதுக்குத்தான் வந்தேன்” என்றார். அந்தக் குடும்பத்தின் வறுமையைச் சொல்ல அவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். அந்த அம்மா ஒரு குழம்பில் சொல்லிவிட்டார்.

இந்தப் பக்கத்துக்குச் சத்தமாக வாசிப்பது புதிதில்லை. பார்க் டவுன் பக்கம் குஜிலிக் கடைகளில் காலணா அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகம் விற்றவர்கள், பாடித்தான் விற்றார்கள். ரயில் விபத்து, கொலை வழக்கு, விலைவாசி எல்லாம் பாட்டாகி உடனே அச்சாகித் தெருவுக்கு வந்துவிடும். எழுத்துத் தெரியாதவரும் கேட்டு வாங்கிப்போவார். அப்புறம் தெருவுக்குத் தெரு படிப்பகங்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பட்டாளம் என்ற பகுதியிலிருந்து வந்திருந்தார், பின்னி ஆலையில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து வந்தால் படிப்பகத்தில் ஒருவர் பேப்பர் வாசிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்களாம், நடுநடுவே சண்டையும் போடுவார்களாம். 1918இல் மதராஸ் தொழிற்சங்கம் அந்தத் தொழிலாளர்களிடமிருந்துதான் எழுந்தது. ஆலை 1996இல் மூடப்பட்டது. “மில்லு போச்சு, படிப்பகமும் போச்சு. இங்க வந்து உக்காந்தா அந்த சத்தம் திரும்பக் கேக்குது” என்றார்.

எழுத்தாளர் முடித்ததும் ஒரு பக்க வாசிப்பு. யார் வேண்டுமானாலும் தாங்கள் எழுதிய ஒரு பக்கத்தை வாசிக்கலாம். ஒரு பையன் கானா எழுதி வந்திருந்தான், கேரம் போர்டில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு பாடினான். அவனுக்குப் பிறகு எண்ணூரிலிருந்து வந்த கல்லூரி மாணவி ஒருத்தி. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடிய நாட்களைப் பற்றி எழுதியிருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் பக்கெட்டிலும் மக்கிலும் எண்ணெய்யை அள்ளியது, கூழைக்கடா இறகை உதற முடியாமல் படகு விளிம்பில் நின்றது, அப்பாவின் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தும் வாசனை போகாதது. குரல் நடுங்கியது. ஆனாலும் நிறுத்தாமல் வாசித்தாள். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. மீன்கார அம்மா நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “எங்க வூட்டு வலையும் அப்டித்தாம்மா போச்சு” என்றார்.

அந்தப் பக்கத்தை அவளிடம் கேட்டு வாங்கி நானும் ஒருமுறை படித்தேன். மூன்று எழுத்துப்பிழைகள் இருந்தன. ஒரு சொல்லைக்கூட மாற்ற எனக்கு மனமில்லை. அவள் எழுத வேண்டும், நிறைய எழுத வேண்டும்.

அப்புறம் டீ, வாழைக்காய் பஜ்ஜி. அக்காவிடம் கடை எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். 250 ரூபாய் புத்தகம் ஒன்று விற்றால், பதிப்பகம் தரும் கழிவில் தன் கையில் நிற்பது எழுபது எண்பது ரூபாய், அதிலும் பத்து சதவீதம் தள்ளுபடி கேட்பார்கள் என்றார். சொந்த இடம், வாடகை இல்லை. அதனால்தான் தாக்குப்பிடிக்கிறது. ஜனவரியில் நந்தனம் புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டம் கூட்டமாகப் போகும் வாசகர்கள், மற்ற மாதங்களில் இப்படிப்பட்ட கடையில் மாதம் ஒரு புத்தகம் வாங்கினால்கூடப் போதும். என் பங்குக்கு நான்கு வாங்கினேன். தள்ளுபடி கேட்கவில்லை. மற்ற நாட்களில் பகல் முழுவதும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பாயில்தான் உட்கார்ந்து படிக்கிறார்கள். வீட்டில் மூன்று பேருக்கு ஒரு அறை இருக்கும்போது, மின்விசிறியும் அமைதியும் எவ்வளவு பெரிய விஷயம் என்று அக்கா சொன்னார். அவர்களிடம் காசு வாங்குவதில்லை.

எட்டரை மணிக்குப் பெரியவர் எழுத்தாளரையும் என்னையும் கடற்கரைப் பக்கம் அழைத்துப்போனார். வரிசையாகப் படகுகள், புது பெயின்ட் வாசனை, டீசல் வாசனை. காற்று முகத்தில் அடித்தது.

“இது கச்சானா ஐயா?” என்றார் எழுத்தாளர்.

“இது கடல்காத்து தம்பி. கச்சான் பாக்கணும்னா விடியக்காலைல வரணும். முதுகுல படும்.”

அன்று இரவு பத்தரை மணிக்கு எழுத்தாளருக்கு ஊருக்குப் பஸ். அங்கேயே நின்று டிக்கெட்டை ரத்து செய்தார். அக்காவுக்குப் போன் போட்டு, கடையில் பாய் இருக்குமா என்று கேட்டார். நான் அவர்களை விட்டுவிட்டு மெட்ரோவுக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது, பெரியவர் இருட்டில் கையை நீட்டி அவருக்கு மேற்கைக் காட்டிக்கொண்டிருந்தார்.