பிரிந்தனவா, பிரித்தார்களா: சாகோஸ் வரலாற்றை வகுப்பில் நடத்துவது

மொரீசியஸில் நம் தமிழ் வகுப்பின் கரும்பலகையில் ஒரே ஒரு வாக்கியம் போதும்: "1965இல் சாகோஸ் தீவுகள் மொரீசியஸிலிருந்து பிரிந்தன." எழுத்துப்பிழை இல்லை, ஆண்டும் சரி. ஆனால் ஏதோ இடிக்கிறதே என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டு நிமிடமாவது ஆகும். காம்பிலிருந்து கனி பிரிவதுபோல் தீவு தானாகப் பிரியுமா? "பிரிக்கப்பட்டன" என்று யாராவது திருத்துவார்கள். பாதி வழி வந்தாயிற்று. யாரால் என்று கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். வரலாற்றுப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது: இந்தியப் பெருங்கடலில் உள்ள அந்தத் தீவுகளைப் பிரிட்டன் பிரித்தெடுத்து, அமெரிக்க ராணுவத் தளத்துக்காக அங்கிருந்த மக்களை வெளியேற்றிய கதை.

இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை என்று வறட்சியாக நடத்திய பாடம் இங்கே உயிர் பெறுவதைப் பார்க்கலாம். நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், பிரெஞ்சில் செய்தி படிக்கிறார்கள், ஆங்கிலத்தில் பரீட்சை எழுதுகிறார்கள். தமிழ் வாரத்துக்குச் சில மணி நேரம்தான். அந்த மெலிந்த தமிழை வைத்துக்கொண்டு ஐ.நா. தீர்மானங்களைப் பற்றிப் பேச முடியுமா என்ற தயக்கம் நியாயமானது. விளக்கத்தைக் கிரியோலில் சொல்லலாம், தவறில்லை. முடிவாக எழுதும் வாக்கியம் மட்டும் தமிழில் இருக்கட்டும். ஒரு வகுப்புக்கு ஐந்து வாக்கியம் போதும், எழுவாய் இல்லாமல் ஒன்றும் இருக்கக்கூடாது.

முதலில் வரைபடம். இதைத் தாண்டிப் போகிறவர்கள் பின்னால் வருந்துவார்கள். பெரும்பாலான பிள்ளைகள் சாகோஸை நம் ரொட்ரிக்ஸ் தீவின் பக்கத்தில் எங்கோ இருப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் நம் தலைநகர் போர்ட் லூயியிலிருந்து வடகிழக்கே 2,000 கிலோமீட்டருக்கும் மேல். மாலத்தீவிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தெற்கே. நமக்கும் சாகோஸின் பெரிய தீவான டியேகோ கார்சியாவுக்கும் கடிகாரத்திலேயே இரண்டு மணி நேர வித்தியாசம். ஒரு நூலை எடுத்து உலக உருண்டையில் அளக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை. "அவ்வளவு தூரத்தில் இருப்பது எப்படி நம்முடையது?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். நல்ல கேள்வி. தூரத்தை வைத்துப் பதில் சொல்லக்கூடாது. 1814 பாரிஸ் ஒப்பந்தத்தில் பிரான்ஸ் மொரீசியஸையும் அதன் சார்புத் தீவுகளையும் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. சாகோஸ் அன்று முதல் 1965 வரை போர்ட் லூயியிலிருந்தே நிர்வகிக்கப்பட்டது. வாதம் நிற்பது அந்த நிர்வாகத் தொடர்ச்சியின் மேல்தான்.

அங்கே வாழ்ந்தவர்கள் யார் என்பதைச் சொல்ல "கொப்பரை" என்ற ஒரு சொல் உதவும். தேங்காய்த் தோட்டங்களில் வேலை செய்ய மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், பின்னர் வந்த இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள், இவர்களின் வழித்தோன்றல்கள்தான் சாகோஸ் மக்கள். உலகம் முழுக்க 'கொப்ரா' என்று வழங்கும் பெயர் நம் பக்கத்துச் சொல்தான் என்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது தேதிக் கயிறு. துணி காயவைக்கும் கயிறும் கவ்விகளும் போதும். ஏழு அட்டைகள்: 1960 டிசம்பர் 14, காலனி நாடுகளின் விடுதலை பற்றிய ஐ.நா. தீர்மானம் 1514. 1965 செப்டம்பர் 23, பிரிப்பு பற்றிப் பிரிட்டிஷ், மொரீசியஸ் தலைவர்கள் லண்டன் லங்காஸ்டர் ஹவுஸில் நடத்திய பேச்சு. 1965 நவம்பர் 8, சாகோஸைப் பிரித்து, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆள்புலத்தை உருவாக்கிய அரசாணை. அதே ஆண்டு டிசம்பர் 16, மொரீசியஸின் நிலப்பரப்பைத் துண்டாட வேண்டாம் என்ற தீர்மானம் 2066. 1966 டிசம்பர் 30, ராணுவத் தளத்துக்கான பிரிட்டன்-அமெரிக்க ஒப்பந்தம். 1968 மார்ச் 12, விடுதலை. 1973, கடைசிக் குடும்பங்கள் சாகோஸின் பெரோஸ் பான்யோஸ் தீவுக்கூட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டது.

அட்டைகளைக் கலைத்துக் கொடுத்துக் கட்டச் சொன்னால் திரும்பத் திரும்ப ஒரே பிழைதான் வருகிறது: விடுதலை அட்டையைப் பிரிப்பு அட்டைக்கு முன்னால் மாட்டிவிடுவார்கள். சுதந்திர நாட்டிடமிருந்து ஒரு வல்லரசு பிடுங்கிக்கொண்டது என்ற கதை மனதில் இருப்பதால் வரும் பிழை இது. நடந்தது வேறு. விடுதலைக்கு இரண்டு ஆண்டு நான்கு மாதம் முன்பே, காலனியாக இருந்தபோதே பிரித்தாயிற்று. விடுதலைக்கு முன் காலனியின் நிலத்தைத் துண்டாடலாமா என்ற சட்டச் சிக்கல் முழுவதும் இந்த வரிசையில்தான் அடங்கியிருக்கிறது. ஆகவே பிழையைத் திருத்திவிட்டு நகராமல், "வரிசை மாறினால் யாருடைய வாதம் பலமாகிறது?" என்று கேட்க வேண்டும்.

பாடத்தின் நடுப்பகுதிக்கு இரண்டு வகுப்புகளாவது ஒதுக்கலாம். பலகையை நான்கு கட்டமாக்கி ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வினை: விற்றார்கள், கொடுத்தார்கள், பிரித்தார்கள், பறித்தார்கள். இந்த நான்கும் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வருகிறவைதான். "ராம்கூலம் விற்றுவிட்டார்" என்று அன்றைய மொரீசியஸ் பிரதமரைச் சொல்லும் தாத்தா உண்டு, "கொடுக்காமல் சுதந்திரம் கிடைத்திருக்காது" என்று சொல்லும் தாத்தாவும் உண்டு. பிள்ளைகளின் கையில் சான்றுத் துண்டுகள் இருக்கும். எந்த வினையின் கீழ் எது போகும் என்று அவர்களே ஒட்ட வேண்டும்.

ஈடாக மொரீசியஸ் அரசுக்குக் கொடுக்கப்பட்ட 30 லட்சம் பவுண்டு "விற்றார்கள்" கட்டத்துக்குப் போகும். உடனே எதிர்க்கேள்வி வரும்: காலனியின் பிரதமருக்கு விற்கும் அதிகாரம் இருந்ததா? 1965 நவம்பர் 5 அன்று அமைச்சரவை தன் சம்மதத்தை உறுதிசெய்தது "கொடுத்தார்கள்" கட்டத்துக்கு. அதே மாதம், விடுதலையை எதிர்த்த பி.எம்.எஸ்.டி. கட்சியின் அமைச்சர்கள் அரசிலிருந்து விலகினார்கள். ஆனால் அவர்களின் ஆட்சேபம் பிரிப்பைவிட அதற்குக் கிடைத்த விலையைப் பற்றியது. இதைச் சொன்னால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். கடைசியாக, ராம்கூலத்தைச் சந்திக்கும் முன் பிரிட்டிஷ் பிரதமர் ஹரோல்ட் வில்சனுக்கு அவருடைய செயலாளர் எழுதிய குறிப்பு. நம்பிக்கையைக் காட்டியே ராம்கூலத்தை அச்சுறுத்துவதுதான் நோக்கம் என்கிறது அது: விடுதலை கிடைக்கலாம் என்ற நம்பிக்கை, தீவுகள் விஷயத்தில் இணங்காவிட்டால் கிடைக்காமல் போகலாம் என்ற அச்சம். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிவந்த தாள் இது. இதை எந்தக் கட்டத்தில் ஒட்டுவது என்று குழு பிளக்கும். சில குழுக்கள் ஐந்தாவதாக ஒரு வினையைத் தாங்களே எழுதிவிடும்: "இணங்கவைத்தார்கள்". அந்த இடத்துக்கு அவர்களாக வந்து சேர வேண்டும். ஆசிரியர் முந்திக்கொண்டால் பயிற்சி வீண்.

ஆவணங்களை இரண்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம், ஒவ்வொன்றும் பத்து வரிக்கு மேல் வேண்டாம். ஆங்கில அலுவலக நடை பிள்ளைகளைத் தூங்கவைத்துவிடும்.

வெளியேற்றத்தைச் சொல்லும் வகுப்பில்தான் அதிகம் வழுக்குகிறது. முதல் காரணம் நாய்கள். 1971இல் டியேகோ கார்சியாவில் மக்களின் வளர்ப்பு நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து வண்டிப் புகை செலுத்திக் கொன்றார்கள். இதை வகுப்பின் தொடக்கத்தில் சொன்னால் மீதி நேரத்தில் வேறெதுவும் காதில் ஏறாது. மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது சொல்லுங்கள், அதற்குப் பிறகு புதுத் தகவல் எதுவும் வேண்டாம். இரண்டாவது, எண்ணிக்கை. வெளியேற்றப்பட்டவர்கள் 1,500 என்று ஓரிடத்திலும் 2,000 என்று வேறிடத்திலும் இருக்கும். எது சரி என்று தீர்ப்பு சொல்ல அவசரப்பட வேண்டாம். 1967 முதலே மருத்துவத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ போர்ட் லூயிக்கு வந்தவர்களிடம், திரும்பக் கப்பல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கப்பலில் ஏற்றப்பட்டவர்களை மட்டும் எண்ணினால் ஒரு தொகை, திரும்ப விடாமல் தடுக்கப்பட்டவர்களையும் சேர்த்தால் வேறு தொகை. லண்டன் அலுவலர்களோ அங்கே நிலையான குடிமக்களே இல்லை, ஒப்பந்தக் கூலிகள் மட்டும்தான் என்று காகிதத்தில் காட்ட முயன்றார்கள். ஒரு சொல்லை மாற்றினால் ஒரு மக்கள்கூட்டம் கணக்கிலிருந்து காணாமல் போகும் என்பது பதினான்கு வயதுக்குத் தாராளமாகப் புரியும்.

மூன்றாவது வழுக்கல், இரக்கம். 'சாக்ரேன்' என்ற கிரியோல் சொல்லை, துயரத்தால் உயிர் விட்டவர்கள் என்று சாகோஸ் முதியோர் சொல்வதை, ஒருமுறை சொல்லலாம். திரும்பத் திரும்பச் சொன்னால் அந்த மக்கள் அழுவதற்கென்றே பிறந்தவர்கள்போல் ஆகிவிடுவார்கள். கூடவே அவர்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். போர்ட் லூயித் தெருவில் சாகோஸ் பெண்கள் நடத்திய போராட்டங்களும் உண்ணாவிரதங்களும்தான் 1982இல் 40 லட்சம் பவுண்டு இழப்பீட்டுக்குப் பிரிட்டனை இழுத்தன. ஷார்லேசியா அலெக்ஸி, லிசெத் தலாத் ஆகிய பெயர்கள் பலகையில் ஏறட்டும். அந்தப் பணத்தோடு வந்த படிவத்தையும் விட்டுவிடக் கூடாது. ஊர் திரும்பும் உரிமையைத் துறக்கும் ஆங்கில வாசகம். எழுத்தறியாத பலர் என்னவென்று தெரியாமல் கைநாட்டு வைத்தார்கள். கைநாட்டு என்ற சொல்லுக்கு இங்குள்ள பிள்ளைகளுக்கு விளக்கம் வேண்டும். ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவில் இறங்கிய நம் முன்னோரின் தாள்களையும் நினைவுபடுத்தினால் வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை.

நீதிமன்றப் பகுதியில் "கேஸ் ஜெயித்தோம்" என்று எழுதும் விடைக்கு முழு மதிப்பெண் தரக்கூடாது. 2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம் தந்தது ஆலோசனைக் கருத்து. மொரீசியஸின் காலனி நீக்கம் சட்டப்படி நிறைவுபெறவில்லை, சாகோஸ் நிர்வாகத்தைப் பிரிட்டன் இயன்ற விரைவில் முடிக்க வேண்டும் என்று 13 நீதிபதிகள் சொன்னார்கள், ஒருவர் மாறுபட்டார். அதே ஆண்டு மே 22 அன்று ஐ.நா. பொதுச்சபை அதை ஆதரித்து 116க்கு 6 என்று வாக்களித்தது. தீர்ப்புக்கும் ஆலோசனைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிவிட்டு, ஆலோசனைக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று கேட்பது நல்ல வீட்டுவேலை.

இனி ஆசிரியர்கள் பலர் தொடத் தயங்கும் இடம். "சாகோஸ் நம்முடையது" என்று பிள்ளைகள் உற்சாகமாக எழுதுவார்கள். கிரியோலில் 'நூ' என்ற ஒரே சொல்தான். தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. நம்முடையது என்றால் கேட்பவரும் உள்ளே, எங்களுடையது என்றால் அவர் வெளியே. கேட்பவர் போர்ட் லூயியின் ரோஷ் ப்வாவிலோ கசியிலோ வாழும் ஒரு சாகோஸ் பாட்டியாக இருந்தால் எதை எழுதுவாய்? அந்த மக்கள் இங்கே இறங்கியபோது வீடும் வேலையும் ஆயத்தமாக இல்லை. 1972இல் பிரிட்டன் கொடுத்த 6,50,000 பவுண்டு அவர்கள் கைக்கு வர ஐந்து ஆண்டுக்கு மேல் ஆனது. தீவுக்காரர் என்று பொருள்படும் 'ஸில்வா' இங்கே வசைச்சொல்லானது. 2002க்குப் பிறகு பிரிட்டிஷ் குடியுரிமை பெற்று இங்கிலாந்தின் க்ராலி நகருக்குப் போனவர்களில் சிலர், மொரீசியஸ் ஆட்சியே வேண்டாம் என்கிறார்கள். 2025 மே 22 அன்று தீவுகளை மொரீசியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாக இருந்த காலையில் சாகோஸில் பிறந்த இருவரின் மனுவால் லண்டன் நீதிமன்றம் அதைச் சில மணி நேரம் நிறுத்திவைத்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நாம் நடத்துவது கொடிநாள் உரையாகிவிடும். வகுப்பில் சாகோஸ் வம்சாவளிப் பிள்ளை இருந்தால் அதைச் சாட்சியாக எழுப்பி நிறுத்த வேண்டாம். தானாகப் பேசினால் கேட்டுக்கொள்ளலாம்.

தமிழ்ப் பிள்ளைகளை நிமிர்ந்து உட்காரவைக்கும் ஒன்று உண்டு. 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர் 89 பேர் வந்த படகு நடுக்கடலில் பழுதாகி, பிரிட்டிஷ் கடற்படை அவர்களை டியேகோ கார்சியாவில் கொண்டுவிட்டது. வேலிக்குள் கூடாரங்களில் மூன்றாண்டு. 2024 டிசம்பரில் பெரும்பாலோரைப் பிரிட்டனுக்கு அழைத்துக்கொண்டார்கள். அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று அதே மாதம் தீர்ப்பும் வந்தது. ஒரு மக்களை உள்ளே விடாத தீவு, இன்னொரு கூட்டத்தை வெளியே விடவில்லை. ஆனால் இதை முதல் வகுப்பில் சொன்னால் பாடமே இலங்கைக்குத் திரும்பிவிடும். கடைசி வகுப்பில், பதினைந்து நிமிடம்.

2025 ஒப்பந்தத்தைக் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்: ஆட்சியுரிமை மொரீசியஸுக்கு, டியேகோ கார்சியா பிரிட்டனுக்கு 99 ஆண்டுக் குத்தகை, அதற்கு ஆண்டுக்குச் சராசரி 10 கோடியே 10 லட்சம் பவுண்டு. கையெழுத்து வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. செய்தி மாறும்போது பேனாவில் எழுதியதை அடித்துத் திருத்துவதற்குள் பிள்ளைகள் மறந்துபோகிறார்கள்.

வீட்டுவேலையாகப் பெரியவர்களைக் கேட்டுவரச் சொல்லும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் கொடுத்தனுப்புங்கள். 1967 தேர்தலில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினர் விடுதலையை எதிர்த்த அணிக்கு வாக்களித்தார்கள். நம் வீடுகளும் இரண்டு பக்கமும் இருந்தன. தாத்தா அன்று எந்தப் பக்கம் என்று கேட்டுவந்தால் மறுநாள் வகுப்பில் குடும்பங்கள்தான் மோதும். கேட்க வேண்டியது: "டியேகோ என்ற பெயரை நீங்கள் முதன்முதலில் எப்போது, யார் வாயிலிருந்து கேட்டீர்கள்?" பதிலை அவர்கள் சொன்ன மொழியிலேயே எழுதி, அடியில் வினைச்சொல்லை மட்டும் தமிழில் குறித்துவரட்டும்.