எட்டுத் தலை

ஜூன் 9
தமிழ் படிக்கும் மாணவர்கள் எட்டுப் பேரும் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்கள். பெட்டிகள் பதினேழு.

ஜூன் 11
நெட்டையன் பஸ் நடத்துநரிடம், "இப்பேருந்து வில்லியனூர் செல்லுமா?" என்று கேட்டான். அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஜூன் 12
மாலை ஆறுக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகள் வராது. அழைத்துப் போனேன். ஏன் மணலே இல்லை, கருங்கல்லாகக் கிடக்கிறது என்றார்கள். தெற்கே துறைமுகத்துக்குக் கட்டிய சுவர் வடக்கே வரும் மணலை மறித்துக்கொண்டது, கரையை அலை தின்றது, கல்லைக் கொட்டினார்கள் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேர் கல்லில் இறங்கிவிட்டார்கள். பாசி வழுக்கும். எண்ணினேன்: எட்டு. மறுபடியும் எட்டு. கடைக்குட்டி சொல்கிறாள், நான்கு வயதிலிருந்தே கடலில் நீந்துகிறாளாம். தேவனாம்பட்டினத்தில் சுனாமி வந்த அன்றைக்கு யாருக்குத்தான் நீந்தத் தெரியாது? அம்மாவிடம் இந்த வேலையை வகுப்பு எடுப்பது என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 15
61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. தேங்காய்த்திட்டில் நள்ளிரவில் விசைப்படகுகள் கிளம்புவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எட்டுப் பேரும் ஒரே பிடிவாதம். ஐஸ் உடைக்கும் சத்தம், டீசல் வாடை. வந்த நாள் முதல் முகம் கொடுத்துப் பேசாத இருவர் ஒரே டீயை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். கேட்காமல் இருந்தேன்.

ஜூன் 16
நேற்று எண்ணவே இல்லை. இன்றுதான் உறைத்தது.

ஜூன் 19
கடைக்குட்டிக்குக் காய்ச்சல். மற்ற ஏழு பேரும் முறை வைத்து விழித்திருக்கிறார்கள். சுவரில் அட்டவணை, தமிழில்: "காலை 4 மணி: கங்சி." திருத்தப் பேனாவை எடுத்தேன். பிறகு பைக்குள்ளேயே போட்டுவிட்டேன்.

ஜூன் 22
இறங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்த உடனே, "முழங்கால் வரைக்கும்தான், அக்கா."
முடியாது என்றேன்.

ஜூன் 23
தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறதே, அங்கே. கை கோத்து நின்றார்கள், என்னை நடுவில் இழுத்துவிட்டார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. எண்ணினேன். ஒன்பது. அடிவயிறு கலங்கி, என்னையும் சேர்த்துக்கொண்டது புரிய சற்று நேரம் ஆயிற்று.

ஜூன் 24
அம்மா ஒன்றும் கேட்கவில்லை. என் சுடிதாரை அலசிப் பிழிந்தார். வாளியின் அடியில் தங்கிய மணலைக் கையால் வழித்து முருங்கை மரத்தடியில் போட்டார்.