பணம் கடைசியில்தான் வரும்

காவல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, உள்ளூர் டி20 கிரிக்கெட் தொடர்களில் ஊழல் தடுப்பு அலுவலராக வேலை பார்க்கிறேன். ஆட்ட நாளில் வீரர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் செல்போன், ஸ்மார்ட் வாட்ச் எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டி வைப்போம். அனுமதி அட்டை இல்லாத எவரும் டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் வர முடியாது. வெளியே தெரிவது இவ்வளவுதான். ஆனால் சூதாட்டத் தரகன் ஆட்ட நாள்வரை காத்திருப்பதில்லை. தொடர் தொடங்கும் முன்பே இன்ஸ்டாகிராமில் வந்துவிடுவான்.

எடுத்த எடுப்பில் பணம் பேசமாட்டான். "தம்பி, உன் பவுலிங்குக்கு நான் ரசிகன்" என்பான். பிறகு ஒரு ஜோடி ஸ்பைக்ஸ் வரும். அப்புறம் ஒரு விருந்து. ஸ்பான்சர் பிடித்துத் தருகிறேன் என்று ஆரம்பிக்கும்போது பையன் அவனை 'அண்ணா' என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பான். அந்த அண்ணன் கேட்கும் முதல் உதவி மிகச் சின்னது: நாளைக்கு யார் யார் ஆடுகிறார்கள், பிட்ச் எப்படி இருக்கிறது. பந்தயம் கட்டுகிறவனுக்கு அதைச் சொல்வதே குற்றம் என்று பல பையன்களுக்குத் தெரியாது.

வீரர்களுக்கு எடுக்கும் வகுப்பில் நான் தவறாமல் சொல்வது ஜிம்பாப்வே வீரர் பிரெண்டன் டெய்லர் கதையை. 2019 அக்டோபரில், ஸ்பான்சர்ஷிப் பற்றிப் பேச இந்தியாவுக்கு வரச் சொன்னார்கள். வந்தால் 15,000 டாலர் என்றார்கள். ஆறு மாதமாகச் சம்பளம் வராத நேரம் அது என்று அவரே பின்னால் எழுதினார். கடைசி இரவு விருந்தில் கொக்கைன் கொடுத்து வீடியோ எடுத்தார்கள். மறுநாள் காலையில் அறைக்கே வந்து அதைக் காட்டி மிரட்டினார்கள். எந்த ஆட்டத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை என்கிறார். ஆனால் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசியிடம் சொல்ல நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். 2022 ஜனவரியில் மூன்றரை ஆண்டுத் தடை வந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலையே சார், எதுக்கு ரிப்போர்ட் பண்ணணும்?" என்று எப்படியும் ஒருவன் கேட்பான். நியாயமான கேள்வி. வங்கதேசத்தின் ஷகிப் அல் ஹசனும் ஒன்றும் செய்யவில்லை. தரகன் அணுகியதை மூன்று முறை சொல்லாமல் விட்டதற்காக 2019இல் இரண்டு ஆண்டுத் தடை. அதில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே அந்த நிலை என்றதும் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒருமுறை இரவு வெகுநேரம் கழித்து ஒரு இளம் வீரன் என் அறைக் கதவைத் தட்டினான். போனில் வந்த மெசேஜைக் காட்டினான். "என் பேர் வெளிய வருமா சார்? டீம்ல இருந்து தூக்கிடுவாங்களா?" இரண்டும் நடக்காது என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த ஆட்டத்தில் அவன் ஆடினான். அணியில் யாருக்கும் விஷயம் தெரியாது. என் வேலையில் நான் பெருமைப்படும் நாள் அதுதான். அவன் வந்து தட்டாவிட்டால் எங்கள் கேமராக்கள் எதையும் கண்டிருக்காது.

கேலரியில் உட்கார்ந்து பந்துக்குப் பந்து போனில் தட்டிக்கொண்டிருப்பவர்களையும் பிடித்திருக்கிறோம். டிவியில் படம் சில நொடி தாமதமாகத்தான் வரும். அந்த நொடிகளுக்குள் பந்தின் முடிவைப் பந்தயம் கட்டுகிறவனுக்கு விற்பதுதான் இவர்கள் தொழில். பிடித்து என்ன செய்ய? மைதானத்தைவிட்டு வெளியேற்றுவோம். மேட்ச் ஃபிக்சிங்குக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. கர்நாடக பிரீமியர் லீக் வழக்கில், இது அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவின் கீழ் மோசடி ஆகாது என்று 2022 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலங்கை 2019இலேயே தனிச் சட்டம் போட்டு, பத்து ஆண்டுவரை சிறை என்று வைத்திருக்கிறது. காக்கிச் சட்டை போட்டவனுக்கு இது வயிற்றெரிச்சல். ஆடுகிற பையன் தடையில் வாழ்க்கையை இழக்கிறான், அவனைக் கெடுத்தவன் வேறொரு ஊரில் வேறொரு சிம் கார்டோடு உட்கார்ந்திருக்கிறான்.

சட்டம் வரும்வரை என்னால் முடிந்தது ஒன்று உண்டு. தொடருக்கு முன் நடக்கும் கூட்டத்தில் ஒவ்வொரு அணி நிர்வாகத்திடமும் வீரர்களுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் போகும் என்று கேட்கிறேன். ஊழல் தடுப்பு ஆளுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். தேதி சொல்லாத அணி தங்கும் ஹோட்டலில் கூடுதலாக ஓர் ஆளைப் போடுகிறேன்.