பொங்கல் படுத்துக் கிடந்தது

"என்னப்பா, பொங்கல் படுத்துக் கெடக்கு?"

திருப்பாதிரிப்புலியூரில் மாமாவின் டிபன் கடை. காலை ஏழு மணி. பெரியவர் ஒருவர் கழுத்தை அப்படியே தோளில் சாய்த்து மெனுவைப் படித்துக்கொண்டிருந்தார்.

கரும்பலகைக்குப் பதிலாக நான் மாட்டிய டிவி அது. செங்குத்தாக நிறுத்தி, பின்னால் ஒரு ராஸ்பெர்ரி பை, அதாவது உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர், ஒட்டியிருந்தேன். டிவியைத் திருப்பியது அதற்கு எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு அகலவாக்கில் அனுப்பிக்கொண்டிருந்தது.

பழைய பழக்கத்தில் அதன் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் 'டிஸ்ப்ளே ரொட்டேட்' வரியைப் போட்டேன். அசையவில்லை. திரையை இயக்கும் இப்போதைய மென்பொருளான கேஎம்எஸ் டிரைவர் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

அப்புறம் சிஎம்டிலைன் கோப்பு, பூட் ஆகும்போது கர்னலுக்கு, அதாவது சிஸ்டத்தின் மையத்துக்கு, கட்டளை சொல்லும் கோப்பு. அதில் எல்லாம் ஒரே வரியில் இருக்க வேண்டும், தெரியாமல் என்டரைத் தட்டினால் தொலைந்தோம். எச்டிஎம்ஐக்கு 'ரொட்டேட் 90' சேர்த்தேன். பூட் ஆகும்போது கறுப்புத் திரையில் எழுத்துகள் ஜம்மென்று நிமிர்ந்தன.

டெஸ்க்டாப் வந்ததும் மறுபடி படுத்துக்கொண்டது.

கர்னலுக்குச் சொன்னது டெஸ்க்டாப்புக்குப் போய்ச் சேராது. டச் திரை என்றால் அதற்கும் தனியாகச் சொல்ல வேண்டி வரலாம். பங்காளிகள் வீட்டுக் கல்யாணம் மாதிரி, ஒவ்வொருவர் வாசலுக்கும் போய்த் தனித்தனியாகப் பத்திரிகை வைக்க வேண்டும்.

கடைசியில் டெஸ்க்டாப்பிலேயே இருக்கும் ஸ்க்ரீன் கான்ஃபிகரேஷனில் ஓரியன்டேஷனை 'ரைட்' என்று மாற்றினேன். தலைகீழ்! மாமா ஒன்றும் பேசாமல் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். 'லெஃப்ட்' கொடுத்தேன். நின்றது.

பெரியவர் கழுத்தை நிமிர்த்தி மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"எல்லாம் சரி. வடையைக் காணுமே?"